அசனத்துக்கு டோக்கன் யாருக்கு?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஒரு கிறிஸ்தவ சபை தன்னோட நோக்கம் என்னன்னு தானே உக்காந்து எப்படி கண்டுபிடிக்கிறது, அத பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. நான் ரொம்ப வருஷமா இதே வேலையாத்தான் திரியுறேன். ஏதாவது ஒரு சேகரத்துல, அதான் பக்கத்து ஊர் சபைங்க சேந்த தொகுதி, அங்க இருந்து போன் வரும், "ஐயா, நூற்றாண்டு விழா வருது, கல்வெட்டுல போடணும், நம்ம சபைக்கு ஒரு விஷன் மிஷன் எழுதித் தாங்க"ம்பாங்க. எழுதித் தர மாட்டேன், நேர்ல வாறேன், மினிட்ஸ் புக்கையும் கணக்கு நோட்டையும் எடுத்து வைங்க, டீ மட்டும் போதும்னு சொல்லுவேன். பாதிப்பேரு அத்தோட போன வச்சிருவாங்க.

வைக்காத ஒரு சபைய பத்தி சொல்றேன். தாமிரபரணிக் கரைப்பக்கம், ஊர் பேரு வேண்டாம், இப்ப கேட்டுட்டு இருந்தாலும் இருப்பாங்க. கமிட்டியில பதினாலு பேரு. ஆளுக்கொரு துண்டு பேப்பர் குடுத்து, நம்ம சபை எதுக்கு இருக்கு, ஒரே வரியில எழுதுங்க, பேரு போடாதீங்கன்னேன். வாங்கிப் பாத்தா பதிமூணு பேப்பர்ல ஆராதனை, ஐக்கியம், சாட்சி, எல்லாம் போன வாரப் பிரசங்கத்துல கேட்ட வார்த்தையாவே இருக்கு. ஒருத்தரு மட்டும் "கல்லறைத் தோட்டம்"னு எழுதியிருந்தாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நான் அந்த ஒரு பேப்பர மட்டும் இன்னும் பத்திரமா வச்சிருக்கேன், ஏன்னா பதினாலு பேர்ல அவரு ஒருத்தர்தான் தனக்கு சபை எதுக்கு வேணும்னு யோசிச்சு எழுதியிருந்தாரு, செத்தா அடக்கம் பண்ண ஆறடி இடம் வேணும், அதுக்குத்தான் வருஷாவருஷம் சங்கம் கட்டுறேன்னு அர்த்தம், சங்கம்னா சபைக்குக் கட்டுற சந்தா.

அப்புறம் மினிட்ஸ் புக்க பிரிச்சோம். ஒரு வருஷத்துக் கூட்டம் பூராவும் என்ன பேசிருக்காங்கன்னா காம்பவுண்ட் சுவர், காம்பவுண்ட் சுவர், மறுபடியும் காம்பவுண்ட் சுவர், நடுவுல மைக் செட், கடைசி மூணு கூட்டம் அசனம். அசனம்னா என்னன்னு தெரியாத நேயர்களுக்கு சொல்றேன், உங்க ஊரு கோயில் கொடையில அன்னதானம் போடுவாங்கல்ல, அந்த மாதிரி எங்க சபைப் பண்டிகையில ஊரே ஒண்ணா சமைச்சு ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுறது. பெரிய அண்டாவுல சோறு வேகுற வாசம் தெரு முனைக்கே வந்துரும். அத பத்திதான் மூணு கூட்டம், ஆடு எத்தன, சமையக்காரரு யாரு, டோக்கன் யாருக்கு. தீர்மானம் என்னன்னா சங்கம் பாக்கி வச்ச குடும்பத்துக்கு டோக்கன் கிடையாது.

ஊருக்குப் பின்னாடி செங்கச்சூளைக்கு வந்து தங்கியிருக்குற குடும்பங்கள் இருக்கே, அவங்களுக்குன்னு கேட்டேன். "அவங்க நம்ம சபை இல்லயே ஐயா"ன்னாரு பொருளாளர். கெட்ட மனுஷன்னு நினைச்சுராதீங்க, அரிசி விலையும் ஆட்டு விலையும் அவருக்குத்தான் தெரியும், பத்தலன்னா கைக்காசு போடுறதும் அவருதான். சுவரும் வேணும், ஆடு உள்ள வந்து செடிய மேயுதுன்னா வேணும்தான். நான் சொல்ல வந்தது வேற. சபையோட நோக்கம் கல்வெட்டுல இருக்காது, டோக்கன் யாரு கையில போகுதோ அங்கதான் இருக்கும். இன்னொரு தடவையும் சொல்றேன், டோக்கன் யாரு கையில போகுதோ அங்கதான்.

இந்த இடத்துல நான் அசரியா கதைக்கு வந்துருவேன், எங்க வீட்ல "மறுபடியும் டோர்னக்கல்லா"ன்னு தலையில அடிச்சுக்குவாங்க, பரவால்ல. வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல வெள்ளாளன்விளையில பிறந்தவரு, குருவானவர் மகன். 1902-ல யாழ்ப்பாணத்துக்குப் போறாரு. அங்க பாத்தா தமிழ் கிறிஸ்தவங்க தாங்களே காசு சேத்து கடலுக்கு இந்தப்பக்கம் ஊழியத்துக்கு ஆள் அனுப்பிட்டு இருக்காங்க. இவருக்கு சுருக்குன்னு இருந்துருக்கு. யாழ்ப்பாணத்துக்காரங்க நமக்கு ஆள் அனுப்புறாங்க, திருநெல்வேலியில இவ்வளவு பெரிய பெரிய கோயில, சர்ச்சத்தான் நாங்க கோயில்ம்போம், வச்சிட்டு நாம யாருக்கு அனுப்புறோம்? அடுத்த வருஷமே, 1903-ல, பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க, நம்ம ஆளு, நம்ம காசு. நிஜாம் ராஜ்யத்துல தெலுங்கு பேசுற டோர்னக்கல்தான் ஊழியத்துக்கு எடுத்த இடம், இப்ப தெலங்கானாவுல இருக்கு. இவரே 1909-ல குருப்பட்டம் வாங்கி அங்க போயிட்டாரு. 1912-ல டோர்னக்கல்லுக்கே பிஷப், ஆங்கிலிக்கன் சபையில, அதான் இங்கிலாந்து திருச்சபை வழி வந்த சபை, முதல் இந்திய பிஷப் இவருதான்.

இப்ப பாருங்க, பிஷப் ஆனது 1912, அங்க கதீட்ரல், அதான் பிஷப்போட தலைமைக் கோயில், பிரதிஷ்டை ஆனது 1939. இருபத்தாறு, இருபத்தேழு வருஷம் ஆயிருக்கு. அதுக்குள்ள கிராமம் கிராமமா சபை உண்டாயிருச்சு, பெரும்பாலும் மாலா, மாதிகா ஜனங்க, ஊருக்கு வெளிய தள்ளி வச்சிருந்தவங்க. கோயில் அழகுதான், தூணெல்லாம் மண்டபம் மாதிரி, மேல குவிமாடம், ஒருக்கா போய்ப் பாருங்க. ஆனா சபை முதல்ல வந்துருச்சு, கட்டடம் பொறுமையா பின்னாடி வந்துச்சு.

என் மனசுல நிக்கிறது இன்னொண்ணு. ஞானஸ்நானம் எடுத்தவங்கள தலையில கை வைக்கச் சொல்லுவாராம், அவங்கவங்க கைய அவங்கவங்க தலையிலயே வச்சு, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷம் சொல்லலன்னா எனக்கு ஐயோன்னு சொல்ல வைப்பாராம். பைபிள்ல பவுல் கொரிந்தியருக்கு எழுதின வசனம்தான் அது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க சார் நிறைய பேரு, ஃபிரேம் இல்ல, ஃபிளெக்ஸ் இல்ல, சபையோட நோக்கத்த அவங்க தலையிலயே ஏத்தி விட்டுட்டாரு. அதனாலதான் யாராவது விஷன் மிஷன் எழுதிட்டு வந்து காட்டினா, இத தலையில கை வச்சு சொல்லுவீங்களான்னு நான் கேக்குறது. "ஒருங்கிணைந்த விசுவாச சமுதாயத்தை உருவாக்குதல்"னு எழுதியிருப்பாங்க. யாரு தலையில கை வச்சு அத சொல்லுவா, நாக்கு சுளுக்கிரும்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தம்பி ரெண்டு விரல காட்டுறாரு, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். எப்படி செய்யணும்னு வரிசையா எழுதிக் கொண்டாந்தேன், எல்லாம் டோர்னக்கல்லே தின்னுட்டு, வேகமா சொல்லிடுறேன். ஐயர மட்டும் வச்சு இத பண்ணாதீங்க, நம்ம பக்கம் பாஸ்டர ஐயர்னுதான் சொல்லுவோம், அவரு சில வருஷத்துல டிரான்ஸ்பர்ல போயிருவாரு, நோக்கமும் அவரு லாரியிலயே ஏறிப் போயிரும். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரங்களும் வாலிபப் பிள்ளைங்களும் கமிட்டியில இல்லன்னாலும் கூப்பிட்டு உக்கார வைங்க. போன வருஷக் கணக்க எடுத்து, சபைக்கு வெளிய இருக்குறவங்களுக்குப் போன காசுக்கு மட்டும் சிவப்பு மையில கோடு போடுங்க. நாளைக்கே நம்ம சபைய பூட்டிட்டா ஊருல யாரு வந்து ஏன் பூட்டுனீங்கன்னு கேப்பா, அந்த ஆளுங்க பேர எழுதுங்க, ஒரு பேரும் வரலன்னா அங்க இருந்துதான் பேச்ச ஆரம்பிக்கணும். அவசரப்படாதீங்க, எனக்குத் தெரிஞ்சு ஒரு வருஷமாவது ஆகும்.

அந்த சபையில என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அடுத்த வருஷ அசனத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க, போனேன். சங்கம் பாக்கிப் பேச்ச எடுத்துட்டாங்க, எல்லாருக்கும் வெள்ளை டோக்கன். சூளைக்காரங்களுக்குன்னு புதுசா மஞ்சக் கலர்ல ஒரு கட்டு அடிச்சிருந்தாங்க, எனக்கு ஒரே சந்தோஷம், அப்புறம்தான் பாக்குறேன், மஞ்ச டோக்கனுக்குக் கோயிலுக்குப் பின்னாடி தனிப் பந்தி. ஏன் தனின்னு பொருளாளர்ட்ட கேட்டேன். "ஐயா, ஒரே வருஷத்துலயா"ன்னாரு. சரி, மறுபடியும் வாறேன், மினிட்ஸ் புக்க எடுத்து வைங்கன்னு சொல்லிட்டு பின்பந்தியில போய் சாப்பிட்டுட்டு வந்தேன். இந்த மாசக் கடைசியில போறேன். தம்பி கைய ஆட்டுறாரு, வணக்கம்.