தீர்ப்பு சொல்லாத பாட்டுக்காரர்

நண்பர்களே, இத்தாலியில் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவரை 'கன்தவுதோரே' என்பார்கள். அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஃபப்ரீட்சியோ தெ ஆந்த்ரே. 1940-இல் ஜெனோவாவில் பிறந்தவர். அப்பா சர்க்கரைக் கம்பெனியின் பெரிய நிர்வாகி, நகரத்தின் துணை மேயராகவும் இருந்தவர். பையனுக்கோ துறைமுகத்துச் சந்துபொந்துகள்தான் பிடித்தன. சட்டம் படிக்கப் போனார், முடிக்கவில்லை.

அதற்குக் காரணம் ஒரு பாட்டு. உடலை விற்றுப் பிழைத்த ஒரு சின்னப் பெண்ணை ஆற்றில் தள்ளிக் கொன்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தாராம். அவளுக்கு வேறொரு வாழ்க்கை எழுதித் தரலாம், சாவையாவது கொஞ்சம் இதமாக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. பாட்டில் அவள் பெயர் மரினெல்லா. மகுடமும் காவலும் இல்லாத ராஜா ஒருவன் அவள் கதவை மூன்று முறை தட்டுகிறான். பிறகு அவள் ஆற்றில் வழுக்கி விழுகிறாள்; காற்று அவளை ஒரு நட்சத்திரத்தில் கொண்டுபோய் வைக்கிறது. கொன்றவன் பாட்டிலேயே இல்லை. 1964-இல் வந்த இந்தப் பாட்டை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1967-இல் மீனா பாடினார். (நம்மூர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், அவர் இத்தாலியின் பெரிய பாடகி.) அப்புறம் வக்கீல் வேலைக்கு அவசியமே வரவில்லை.

சரி, பாட்டில் இரக்கம் காட்டுவது எளிது. தன் தலைக்கு வந்தபோது?

1979 ஆகஸ்ட் மாதம், சார்தீனியாத் தீவில் இருந்த அவருடைய பண்ணைக்குள் ஆட்கள் புகுந்து, அவரையும் துணைவி தோரி கெட்ஸியையும் கடத்திக்கொண்டு போனார்கள். நாலு மாதம் மலைக்காட்டில், மரத்தடியில். அப்பா ஐம்பது கோடி லீராவுக்கு மேல் கொடுத்துத்தான் மீட்டார். வழக்கு நடந்தபோது, காவல் காத்த இடையர்கள்மேல் தனக்குக் கோபமில்லை என்றுவிட்டார் தெ ஆந்த்ரே. பின்னாலிருந்து ஏவிய வசதிக்காரர்களை மட்டும் மன்னிக்கவில்லை. 1981-இல் வந்த ஆல்பத்தில் அந்தச் சார்தீனிய மக்களையும் நிலம் பறிபோன அமெரிக்கப் பழங்குடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடினார். எனக்கு இது தாராள மனசு என்று மட்டும் தோன்றவில்லை. யார் கையில் கயிறு, யார் கையில் கணக்கு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

1984-இல் இன்னும் ஒரு துணிச்சல். இசைக்கலைஞர் மௌரோ பகானியோடு சேர்ந்து ஒரு முழு ஆல்பத்தையும் ஜெனோவா வட்டாரப் பேச்சிலேயே செய்தார். 'கிரேஊசா தெ மா' என்று பெயர்: இரண்டு மதில்களுக்கு நடுவே கடலை நோக்கி இறங்கும் சந்து. இத்தாலியர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் வரிகள் புரிந்திருக்காது. ஆனாலும் கொண்டாடினார்கள். அதே தலைப்பில் உள்ள பாட்டில் மாலுமிகள் கரையேறிச் சாப்பிட உட்காருகிறார்கள். பொரித்த மீன், போர்த்தோஃபீனோ வெள்ளை ஒயின் என்று பாட்டு முழுக்கச் சாப்பாட்டு வாசனை. கேட்டால் நடுவில் நிறுத்திவிடாதீர்கள். பாட்டு ஓய்ந்ததும் ஜெனோவா மீன் சந்தையில் பதிவுசெய்த குரல்கள் வரும். மீன்காரர்கள் விலை கூவிக்கொண்டிருப்பார்கள்.