டிசைன் எங்கிருந்து வருகிறது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆடை வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது இதுதான்: "அக்கா, டிசைன் உங்களுக்கு எங்கேயிருந்து கிடைக்குது?" பெரும்பாலும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேருகிற ஊர்களிலிருந்துதான் கிடைக்கிறது.

ஊரில் பார்த்ததை அப்படியே துணியில் அச்சடிப்பதை நான் சொல்லவில்லை. கோபுரத்தைப் படம் பிடித்துச் சேலை முந்தியில் போட்டால் அது கோபுரப் படம் போட்ட சேலை, அவ்வளவுதான். ஒரு பொருளை எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு டிசைன் கிடைப்பது அந்த இடத்தில்.

பத்தமடைப் பாயையே எடுத்துக்கொள்வோம். வெட்டின கோரையைக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். உப்பி வந்ததும் மறுபடி காயவைத்து, மெல்லிய இழையாகக் கிழிப்பார்கள். பட்டுப் பாய் என்கிற உயர்ரகப் பாய்க்கு வெளித்தோல் மட்டும்தான். உள்ளே மெத்தென்று இருக்கிற சோறு ஆகாது. நீளவாக்கில் ஓடுகிற பாவு பருத்தி நூல், குறுக்கே ஓடுகிற ஊடை கோரை. நெய்து முடித்த பாய் துணி மாதிரி மடியும். கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து நெய்து தருவார்கள், வாங்க வருகிறவர்கள் கண் முதலில் அந்தப் பெயரில்தான் போய் நிற்கும். என் கண் பட்டைகளில் நின்றது. சாயம் ஏறுவது கோரையில். கோரையோ குறுக்கேதான் ஓடுகிறது. அதனால் நிறமும் குறுக்குப் பட்டையாகத்தான் விழும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டு, ஒரு பட்டையை அகலமாக்கி, அடுத்ததைக் குறைத்து, நடுவே சாயம் ஏற்றாத கோரையின் வெளிர்மஞ்சளை அப்படியே விட்டு, பாய் நெய்கிற பெண்கள் ஒரு பாயை நிறைத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்த பிறகு நான் செய்த துப்பட்டாக்களில் ஒரு பூ கிடையாது. சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள், இடையில் சாயமில்லாத பருத்தி. அவ்வளவுதான்.

அடுத்தது பாம்படம். நம் பக்கத்து ஆச்சிமார் காதில் தோள் தொடத் தொங்கினதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கத் தகட்டில் செய்து உள்ளே அரக்கு நிரப்பியது. ஒரு பாம்படத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். பூ இல்லை, கொடி இல்லை, மயில் இல்லை. சதுரம், முக்கோணம், உருண்டை, அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் ஒரு உருவம், பக்கவாட்டில் இன்னொரு உருவம். இதைக் கட்டின ஆசாரிக்கு எத்தனை துணிச்சல்! எத்தனையோ ஜோடி உருக்குவதற்குப் போய்விட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அதை வைத்து நான் ஒரு மேற்சட்டை வெட்டினேன். கை, கழுத்து, உடம்பு எல்லாமே நேர்க்கோட்டில் வெட்டின சதுரமும் முக்கோணமும். வளைவு வெட்டே இல்லாததால் துணியும் அதிகம் வீணாகவில்லை.

பாரிஸில் இவ் சான் லோரான் என்ற ஆடை வடிவமைப்பாளர் 1965-இல் செய்ததும் இந்த வகைதான். மோன்ட்ரியான் என்ற ஓவியரின் கட்டங்களை வைத்து அவர் கவுன்கள் செய்தார். ஓவியத்தைத் துணியில் அச்சடித்திருந்தால் வேலை சுலபம். அவர் ஒவ்வொரு நிறத்தையும் தனித்துண்டாக வெட்டி இணைத்து, உடம்பின் வளைவுக்கு வேண்டிய தையலை அந்தக் கோடுகளுக்குள் மறைத்தார். அவருக்கு நிறத்தின்மேல் பித்துப் பிடிக்கவைத்த ஊர் மொராக்கோவின் மராகேஷ்.

எனக்கு அந்த வேலையைச் செய்தது கூந்தன்குளம். ஊருக்குள் மரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில் போய்ப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அந்த நாரைக்கு உடம்பெல்லாம் வெள்ளை, சிறகில் கறுப்பு, வால் பக்கம் மட்டும் கொஞ்சம் இளஞ்சிவப்பு. அந்தக் கொஞ்சம்தான் கண்ணை இழுக்கிறது. எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

கிருஷ்ணாபுரம் சிற்பங்களில் இடுப்புத்துணி மடிப்பு விழுகிற விதம், குலசேகரப்பட்டினம் தசராவில் காளி வேஷக்காரர் அத்தனை கனத்தையும் சுமந்துகொண்டு நடக்கும்படி கட்டியிருக்கிற கட்டு, இதையெல்லாம் பற்றித் தனியாகவே பேசலாம். இன்றைக்கு நேரம் இல்லை.

வீரவநல்லூரை மட்டும் விட முடியாது. அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்கிற செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊடையோடு தனி நூலைக் கையால் கோத்துக் கோத்தே செடியை வளர்க்கிறார்கள். அந்தச் செடியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய், வேறெங்கோ பாலியஸ்டரில் பிரிண்ட் போட்டு விற்பதை என்னால் ஏற்க முடியாது. பிடித்திருக்கிறதா, சரி, அந்தத் தறிக்கே ஆர்டர் கொடுங்கள், கேட்கிற கூலியைக் கொடுங்கள். நான் லேபிளில் வீரவநல்லூர் என்று போடுகிறேன். நெய்தவருக்குச் சம்மதம் என்றால் அவர் பெயரையும் போடுகிறேன்.

இப்போது அங்கே ஒரு தறியில் என் சேலை ஓடிக்கொண்டிருக்கிறது. உடல் முழுக்கச் சாயமில்லாத பருத்தி, முந்தியில் ஒரே ஒரு செடி. "ஒண்ணு போதுமாம்மா?" என்று நெசவாளர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். போதும் என்று சொல்லியிருக்கிறேன். பங்குனிக்குள் அறுத்துத் தருவதாகச் சொன்னார்.

நன்றி, வணக்கம்.