பெருந்திட்டமா, பேருந்தா?

நடுவர் ஐயா அவர்களே, பினாங்குப் பெருமக்களே, வணக்கம்.

புதிதாக அதிகாரம் பெறும் உள்ளூராட்சி, வட்டார வளர்ச்சிக்கு முதலில் கையில் எடுக்க வேண்டியது பெருந்திட்டமா, பேருந்தா? இதுதான் தலைப்பு. பெருந்திட்டம்தான் என்று முழங்கிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தார் எதிரணித் தலைவர் அண்ணன். விமான நிலையம் என்றார், கடலைத் தூர்த்துத் தீவு என்றார், வானத்தைத் தொடும் கோபுரம் என்றார். கேட்கக் கேட்க எனக்கே ஆசையாகிவிட்டது. ஆனால் அண்ணன் இன்றைக்கு மண்டபத்துக்கு அரை மணி நேரம் தாமதம். ஏனண்ணே என்று கேட்டேன். "பார்க்கிங் கெடைக்கலம்மா" என்றார்.

கோபுரம் நமக்குப் புதிதா ஐயா? அறுபது மாடிக்கு மேல் உயர்ந்த கொம்தார் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தது போதும். அதன் அடியில் இருக்கிற பஸ் நிலையத்தில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள், என் அணியில் சேர்ந்துவிடுவீர்கள்.

அண்ணன் வைத்ததில் கனமான வாதம் ஒன்று உண்டு. 1969-இல் பினாங்கு சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாமல் ஊர் தவித்தது. அப்போது பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் என்ற பெருந்திட்டம்தானே காப்பாற்றியது, 1972-இல் சில்லு செய்யும் இன்டெல் வந்தது அதனால்தானே என்றார். ஆமாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளுக்குள் ஆள் எப்படிப் போனது? என் அம்மாவைக் கேளுங்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டிய தலைமுறை அவர். சம்பளத்தைப் பற்றிப் பேசியதைவிட ஃபேக்டரி பஸ்ஸைப் பற்றித்தான் அம்மா அதிகம் பேசியிருக்கிறார். ஆயர் ஈத்தாமில் தெரு முனைக்கு வந்து ஓட்டுநர் இரண்டு ஹாரன் அடிப்பாராம். மூன்றாவது ஹாரன் கிடையாது. பாதிப் பெண்கள் பஸ்ஸுக்குள்தான் தலை பின்னுவார்களாம். ஆலைக்கு நிலம் ஒதுக்கிய அதே பினாங்கு மேம்பாட்டுக் கழகம்தான் பாயான் பாரு குடியிருப்பையும் உருவாக்கியது. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்றால் நடுவில் ஒரு வண்டி வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது.

இன்றைக்கு என்ன நிலை? என் அக்கா மகள் கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், நிபோங் திபாலில் இருக்கிறாள். இங்கே தீவில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பயிற்சிக்கு இடம் கிடைத்தது. காலை எட்டு மணி வகுப்புக்கு நாலே முக்காலுக்குக் கிளம்புவாள். வீட்டருகே ஒரு பஸ், பட்டர்வொர்த்தில் ஃபெரி, இந்தப் பக்கம் ஜெட்டியில் இறங்கி இன்னொரு பஸ். இதில் ஒன்று தவறினால் அன்றைய வகுப்பும் தவறும். மூன்றாவது வாரம் அவள் அப்பா தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்தார். இப்போது வேலைக்குப் போக மோட்டார், மோட்டாருக்குக் கட்ட வேலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இன்னொன்றையும் கவனியுங்கள் நடுவர் ஐயா. தீவையும் பெருநிலத்தையும் இணைக்க 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். பெருந்திட்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் அண்ணனுக்கே கிடைக்காது. அது அவள் வீட்டுப் பக்கம் பத்து காவானில்தான் தொடங்குகிறது. அதில் ஏறி வகுப்புக்கு நேரத்துக்குப் போய்ச் சேர ஒரு பஸ் அவளுக்குக் கிடைக்கவில்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கடல் காற்றில் மோட்டாரில் போகிறாள்.

மாநகர் மன்றம் என்னதான் செய்கிறது என்று திட்டாதீர்கள். மன்றத்தால் பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட முடியும். எந்தத் தடத்தில் யார் ஓட்டுவது என்ற உரிமம் மத்திய அரசின் கையில். ஆனால் இதே ஊரில் 1925 முதல் 1961 வரை ட்ராலி பஸ் ஓடியதே, ஓட்டியது யார்? ஜார்ஜ்டவுன் நகராண்மைதான்! மேலே மின்கம்பி, கீழே பஸ், நடத்தியது ஊர் மன்றம். ஸ்காட் ரோட்டுக்கு இன்று யார் பெயர் வைத்திருக்கிறார்களோ, அந்த மேயர் டி.எஸ். இராமநாதன் காலத்திலும் அது ஓடியது. 1965-இல் உள்ளூராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் அது திரும்பவில்லை. ஆகவே நம் தலைப்பு "அதிகாரம் கிடைத்தால்" என்பதுதான்.

கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் கிரேட்டர் மான்செஸ்டர். பத்து நகராட்சிகள் சேர்ந்த வட்டாரம். 2014-இல் லண்டனில் இருக்கும் மத்திய அரசோடு அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம், 2017-இல் முதல் மேயர் தேர்தல், வென்றவர் ஆண்டி பர்னம். 1986-இல் அங்கே பஸ் சேவையைச் சந்தைப் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள், பிறகு அது முழுக்கத் தனியார் கைக்குப் போனது. எந்தத் தெருவுக்கு வண்டி போகும் என்பதை லாபம்தான் முடிவு செய்தது. மேயர் பஸ்ஸை மன்றத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடிவெடுத்தார். பஸ் முதலாளிகள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். 2023 செப்டம்பரில் தேனீச் சின்னம் போட்ட மஞ்சள் பஸ் போல்டனிலும் விகனிலும் ஓட ஆரம்பித்தது. 2025 ஜனவரியில் வட்டாரம் முழுக்க வந்துவிட்டது. தடமும் கட்டணமும் இப்போது ஊர் வைப்பதுதான்.

அண்ணன் சிரிக்கிறார். மேயர் வந்து முதல் பஸ்ஸுக்கே ஆறு வருஷமா என்று கேட்கிறார். அதனால்தான் அண்ணே முதலில் எடுக்கச் சொல்கிறோம்! பஸ்ஸுக்கே ஆறு வருஷம் என்றால் உங்கள் தீவுக்கு எத்தனை வருஷம்? நம் எல்.ஆர்.டி. என்ற இலகு ரயில் திட்டத்தையே பாருங்கள். கடலைத் தூர்த்து, அந்த நிலத்தை விற்றுப் போடுவதாக இருந்தது. கடைசியில் மத்திய அரசு எடுத்துக்கொண்ட பிறகுதான், 2025 ஜனவரியில் அடிக்கல் விழுந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை, வரட்டும், நானும் ஏறுவேன். ஆனால் மாநிலம் கடன் வாங்கவே மத்திய அரசு தலையாட்ட வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. நேற்றுப் பிறந்த உள்ளூராட்சி பெருந்திட்டத்தில் கை வைத்தால், வாங்கிய அதிகாரத்தை முதல் வருஷமே கடன் மனுவோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்த கதைதான். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வைகுண்டத்துக்கு வழி கேட்டானாம்.

பேருந்துக்கு அடுத்து ஊர் கையில் எடுக்க வேண்டியது பயிற்சி நிதி. 2019 முதல் பெரியவர்களுக்கான கல்விப் பணத்தையும் மான்செஸ்டரே செலவிடுகிறது. எந்த ஊரில் எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை என்பது அந்த ஊருக்குத்தானே தெரியும்? முதலீட்டாளர் வந்து முதலில் கேட்பதும் கோபுரத்தின் உயரத்தை அல்ல, ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய கைதேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்றுதான்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துக்கொள்கிறேன். நான் பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டும், கடைசி ஃபெரியைப் பிடிக்கணும். ஜெட்டி வரைக்கும் பஸ் இருக்கிறதா என்று வாசலில் இருக்கும் தம்பியிடம் கேட்டேன். "எதிரணி அண்ணன்கிட்ட லிஃப்ட் கேளுங்கக்கா" என்கிறான். அண்ணே, காரை எங்கே நிறுத்தியிருக்கீங்க?