எல்ல பக்கம் காணி வாங்கி ஹோட்டல் கட்டலாமா? மலையகச் சுற்றுலா முதலீடு பற்றிய கேள்விக்கு விளக்கம்

அடுத்தது கனடாவிலிருந்து வந்திருக்கும் கேள்வி. பண்டாரவளையில் பிறந்த ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார்: "கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. எல்ல பக்கம் காணி வாங்கிப் பத்து அறையோடு ஒரு ஹோட்டல் கட்ட ஆசை. செய்யலாமா? இல்லாவிட்டால் மலையகத்தில் சுற்றுலாவில் பணம் போட வேறு வழி உண்டா?"

அண்ணே, மலையகத்தில் தாராளமாகப் பணம் போடுங்கள். ஆனால் பதுளை மாவட்டத்து எல்ல நகரில் புதுக் கட்டடம் மட்டும் வேண்டாம்.

அங்கே அறைக்குப் பஞ்சமே இல்லை. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், எல்ல பாறை, ராவணா எல்ல நீர்வீழ்ச்சி என்று ஓடி ஓடிப் பார்த்தால் ஒன்றரை நாளில் முடிந்துவிடும். அப்புறம் பயணிகள் தெற்குக் கடற்கரைக்கோ யால வனவிலங்குப் பூங்காவுக்கோ இறங்கிவிடுகிறார்கள். அந்த ஓர் இரவுக்காக எத்தனை ஹோட்டல்கள் போட்டி போட்டு விலையைக் குறைக்கின்றன என்று புக்கிங் தளத்தில் நீங்களே பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் மண். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனை இடங்களில் மலை சரிந்தது! ரயில் பாதையும் உடைந்தது. காட்சி நன்றாக இருக்க வேண்டும் என்று சரிவை நெட்டுக்குத்தாக வெட்டி, அதன் விளிம்பில் நான்கு மாடி எழுப்புகிறார்கள். மேலிருந்து வரும் மழைத் தண்ணீர் போக வழி வைப்பதில்லை. தண்ணீர் மண்ணில் ஊறி, மண் கனத்து, கீழே தாங்க ஒன்றும் இல்லாமல் வழுக்கிவிடுகிறது. கட்டுகிறவருக்கு மட்டுமல்ல, கீழே குடியிருப்பவர்களுக்கும் அதில் உயிராபத்து. ஆகவே எந்த இடமானாலும் முற்பணம் கொடுப்பதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். "அதெல்லாம் பிறகு எடுக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் அந்தக் காணியை விட்டுவிடுங்கள்.

கடன் வாங்கிக் கட்டுவதையும் நான் விரும்பவில்லை. 2018இல் இலங்கைக்கு 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2021இல் 2 லட்சம் கூட இல்லை. 2024இல் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தில் மூன்று அறை வீடென்றால் கொஞ்ச நாள் பூட்டி வைக்கலாம். பத்து அறைக்கு வங்கித் தவணை கட்டுகிறவரால் அது முடியாது.

சரி, பணத்தை எங்கே போடுவது? பீக்கோ ட்ரெயில் நடைபாதையைப் பாருங்கள். கண்டியில் தொடங்கி, பழைய தோட்டப் பாதைகள் வழியாகப் பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், மொத்தம் 22 கட்டங்கள். இதில் நடக்க வருகிறவர் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ஒரு கட்டம்தான் நடப்பார். மாலையில் அவருக்குச் சுடுதண்ணீர், சுத்தமான படுக்கை, சூடான சாப்பாடு வேண்டும். காலையில் கையில் ஒரு பார்சல், பையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக ஒரு முச்சக்கரவண்டி. எல்லயில் ஒரு படம் எடுத்துவிட்டு இறங்குகிறவர் ஓர் இரவு தங்கினால், இவர் மலையில் ஒரு வாரம் இருப்பார். சின்ன ஊர்களில் நல்ல படுக்கை கிடைப்பது இன்னும் கஷ்டம்தான். அங்கேதான் உங்கள் பணத்துக்கு வேலை இருக்கிறது.

அதற்கும் புதிதாகக் கட்டத் தேவையில்லை. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 1990களிலேயே ஹோட்டலானது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய தோட்டத் துரைமாரின் பங்களாக்களில் 2005 முதல் விருந்தினர் தங்குகிறார்கள். அவை பெரிய கம்பனிகளின் வேலை. ஆனால் டவுனில் காணி உறுதிப் பத்திரம் சுத்தமாக உள்ள ஒரு பழைய வீட்டைத் திருத்தி எடுப்பது உங்களால் முடியும். தோட்டக் காணி என்று யாராவது விற்க வந்தால் கவனம். பெருந்தோட்டக் காணிகளில் மிகப் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம், கம்பனிகளிடம் இருப்பது குத்தகைதான்.

இன்னொன்று, இதை மனதாரச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கும் நம் அம்மாமாரின் படம் உலகம் முழுக்க விளம்பரத்தில் ஓடுகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வழிகாட்டிப் பயிற்சியும் கொடுங்கள், லாபத்தில் பங்கு எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு குறுக்குப் பாதையும், எந்த ஆற்றை எப்போது கடக்கலாம் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் அவர்கள் வீட்டில் செய்வதுபோல எந்த ஹோட்டல் சமையல்காரரும் செய்ய மாட்டார்.

சட்ட விஷயம் சுருக்கமாக. உங்களிடம் கனடாக் குடியுரிமை மட்டும் இருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பெயரில் காணி வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், 99 வருடம் வரை. இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் அந்தத் தடை இல்லை. சொந்தக்காரர் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு வழக்குப் பேச வேண்டாம். பணத்தை உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டிலிருந்து முதலீட்டுப் பணம் கொண்டுவருவதற்கான வங்கிக் கணக்கு) வழியாகக் கொண்டுவந்தால் லாபத்தைத் திரும்ப எடுத்துப்போவது சுலபம்.

கடைசியாக, பார்க்க வரும்போது ஏப்ரலில் வராதீர்கள். ஏப்ரலில் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். ஹட்டன் பக்கமென்றால் ஜூன், ஜூலை. பண்டாரவளை, பதுளை பக்கமென்றால் நவம்பர். நல்ல மழையில் இரண்டு இரவு அங்கேயே தங்கி, வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டையும், சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும், ஆட்டோ அதுவரை ஏறுகிறதா என்பதையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.