சாவி வைத்திருப்பவருக்குக் காய்ச்சல் வரக் கூடாதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மண்டபத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வங்கி ஊழியரின் உடல்நலத்தைப் பெரிதும் கெடுப்பது பணிச்சூழலா, பழக்கவழக்கமா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் பழக்கம்தான் என்று அடித்துச் சொன்னார். தண்ணீர் குடிப்பதில்லை, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, காலையில் நடப்பதில்லை என்று மூன்று குற்றம் சாட்டினார். மூன்றும் உண்மை. ஏன் குடிப்பதில்லை என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை.

நான் கேட்கிறேன். கடலோர ஊர் ஒன்றில் ஒரே ஒரு காசாளர் உள்ள கிளை. மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். நிவாரணத் தொகை கணக்கில் ஏறும் வாரம். கதவு திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். அதே வரிசையில் முதியோர் ஓய்வூதியம் வாங்க வந்த பாட்டி, மகளிர் உரிமைத்தொகை எடுக்க வந்த அக்கா, நகையைத் திருப்ப வந்தவர். காசாளர் ஐந்து நிமிடம் எழுந்து போக வேண்டுமென்றால், விரித்து வைத்த நோட்டையெல்லாம் உள்ளே வைத்து, பெட்டியைப் பூட்டி, கம்பிக் கூண்டையும் பூட்டிவிட்டுப் போக வேண்டும். மாலையில் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் அவர் கையிலிருந்துதான் போடுவார். எழுந்தால் வரிசையில் நிற்பவர் கோபப்படுவார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அவர் வெயிலில் நிற்கிறார்.

அந்த இருக்கையில் இருக்கும் பெண் என்ன செய்வார்? காலையிலிருந்து தண்ணீர் பாட்டிலைத் தொட மாட்டார். இராமநாதபுரத்து வெயிலில் நாள் முழுக்க அப்படி இருந்தால் முதலில் நீர்க்கடுப்பு, அடுத்துச் சிறுநீர்த் தொற்று, பிறகு கல். மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சீட்டு எழுதுவார். கிளைக்கு இன்னொரு காசாளரைப் போடச் சொல்லி அவரால் எழுத முடியுமா?

வெளியே தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். நகைப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். மக்கள் நகைக்கான காவல் அது; அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இரண்டே அதிகாரிகள் உள்ள கிளையில் ஒருவர் படுத்துவிட்டால், வேறு கிளையிலிருந்து ஆள் வந்து சாவியைப் பெறும்வரை எல்லாம் நிற்கும். படகு இன்ஜினைப் பழுதுபார்க்க மனைவியின் சங்கிலியோடு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

எங்கள் மேலாளர் அனலாய்க் கொதிக்கும் காய்ச்சலோடு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். சாவியைத் திருப்பும்போது கை நடுங்கியது. திறந்துவிட்டு, பின்னறையில் பழைய லெட்ஜர் கட்டுகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் படுத்தார். மதியம் பணம் போதாமல், பெட்டகத்தை மறுபடி திறக்க அவரை எழுப்பியது நான்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தார். இதில் பழக்கம் எங்கே இருக்கிறது, நடுவர் அவர்களே?

நடைப்பயிற்சியையும் சொன்னார்கள். மதுரையில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர், நூறு கிலோமீட்டருக்கு மேல் விடியற்காலைப் பஸ்ஸில் வருகிறார். அவர் எந்தக் காலையில் நடப்பார்? மாலையில் கணக்கு முடிந்ததும், காப்பீட்டுப் பாலிசி ஏன் இத்தனைதான் விற்றது என்று மேலிடத்திலிருந்து கூட்டம் போடுவார்கள். அதைக் கேட்டுவிட்டுப் போனவருக்கு எப்படித் தூக்கம் வரும்?

வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து அறிவித்தன. காலை ஒன்பதரைக்கு வந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டும் மேலாளருக்கு, சனிக்கிழமையும் வேலை உள்ள வாரத்தில் மணிக்கணக்கை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

ஏசி அறையில் இருப்பவருக்கு என்ன நோய், கடலில் வலை இழுப்பவரைப் பாருங்கள் என்றார் எதிரணியின் இளைய பேச்சாளர். பார்க்கிறோம் ஐயா, தினமும் முகத்துக்கு முகம் பார்க்கிறோம். ஒருவர் வலியைக் காட்டி இன்னொருவர் வலியை இல்லையென்று ஆக்க முடியாது. மீன் இனம் பெருக 61 நாள் கடலுக்கே ஓய்வு கொடுக்கும் கரை இது. எங்களுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறையே 2015 செப்டம்பரில்தான் வந்தது. எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை, மற்ற நாள்களில் 40 நிமிடம் கூடுதல் வேலை என்று 2024 மார்ச்சில் ஊழியர் சங்கங்களும் இந்திய வங்கிகள் சங்கமும் ஒத்துக்கொண்டு அரசின் ஒப்புதலுக்கு அனுப்பின.

ஒற்றைக் காசாளர் கிளைக்கு இன்னோர் ஆள், சாவியை வாங்கிக்கொள்ள ஒரு மாற்று அதிகாரி, பெண்களுக்குத் தண்ணீர் வரும் ஒரு கழிவறை. இவற்றில் எதை ஓர் ஊழியர் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டு பெற முடியும் என்பதை எதிரணி எழுந்து சொல்லட்டும். தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன். வணக்கம்.