தட்டுவது தெரிகிறது, மீன் மாட்டவில்லை: பக்டெயில் ஜிக் பற்றிய ஒரு கேள்வி

நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கரையோரக் கடலில் படகை நீரோட்டத்தின் போக்கில் விட்டு, பக்டெயில் ஜிக் என்ற ஈயத் தலைத் தூண்டில் முள்ளில் கணவாய்த் துண்டு கோத்து ஃப்ளவுண்டர் பிடிக்க முயல்கிறேன். மீன் தட்டுவது கைக்குத் தெரிகிறது. கம்பைச் சுண்டினால் முள்ளில் ஒன்றும் இருப்பதில்லை. இன்னும் கனமான ஜிக் தேவையா?"

கனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த மீன் எப்படி இரை எடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஃப்ளவுண்டர் தட்டை மீன் இனம். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே இரு பக்கமும் கண் இருக்கும். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கத்துக்கு நகர்ந்து, இரண்டும் ஒரே பக்கத்தில் அமைந்துவிடும். பிறகு அது மணலில் உடலைப் புதைத்து, தரையின் நிறத்துக்குத் தன் நிறத்தை மாற்றிக்கொண்டு, கண்களை மட்டும் வெளியே வைத்து மேல்நோக்கிக் காத்திருக்கும். ஆகவே இரை அதன் தலைக்குச் சற்று மேலே, தரையை ஒட்டிப் போக வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஃப்ளூக் என்று அழைக்கப்படும் கோடைக்கால ஃப்ளவுண்டருக்கு அகன்ற வாயும் கூர்மையான பற்களும் உண்டு. அது பாய்ந்து கவ்வக்கூடியது. குளிர்கால ஃப்ளவுண்டரின் வாய் மிகச் சிறியது, அதற்கு இந்த ஜிக் பொருந்தாது.

பக்டெயில் என்பது ஈயத் தலையில் மான் வால் முடியைக் கட்டிச் செய்தது. கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் அந்த முடி நீரில் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கம்பை உயரமாக வீசி ஆட்ட வேண்டிய தேவையே இல்லை. ஒரு சாண் அளவுக்கு மெல்லத் தூக்கி, தூண்டில் நரம்பு தொய்ந்துவிடாமல் கூடவே இறக்கி, ஜிக் தரையைத் தொடுவதைக் கையால் உணருங்கள். மீன் பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் கவ்வும். அந்த நேரத்தில் நரம்பு தளர்ந்திருந்தால் கவ்வியதே உங்களுக்குத் தெரியாது.

இனி கனம். நரம்பு நீருக்குள் ஏறக்குறைய செங்குத்தாக இறங்க வேண்டும், அந்த நிலையில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கப் போதுமான கனமே சரியான கனம். ஆழம் குறைந்த உப்பங்கழிகளில் 15 முதல் 30 கிராம் போதும். ஆழமும் நீரோட்டமும் கூடிய இடங்களில் 60 கிராம், சில வேளைகளில் 120 கிராம்கூட வேண்டியிருக்கும். மெல்லிய பின்னல் நரம்பு நீரை எளிதாகக் கிழித்து இறங்குவதால் குறைந்த கனத்திலேயே வேலை முடியும். நுனியில் ஒரு மீட்டர் அளவுக்கு ஃப்ளூரோகார்பன் என்ற செயற்கை இழை நரம்பு சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று படகை வேகமாகத் தள்ளி நரம்பு சாய்ந்துபோனால், ஈயத்தைக் கூட்டுவதற்கு முன், நீரில் விரிந்து வேகத்தைக் குறைக்கும் துணிப் பையை இறக்கிப் பாருங்கள். நீரோட்டம் முற்றிலும் நின்றுவிடும் நேரத்தில் இந்த மீன் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உங்கள் தொல்லைக்கு முக்கியமான காரணம், முள்ளில் கோக்கும் கணவாய்த் துண்டாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அது நீளமாகத் தொங்கினால் மீன் வாலை மட்டும் கவ்வும். தட்டல் தெரியும், முள் வாய்க்குள் போயிருக்காது. விரல் நீளத்துக்கு மெல்லிய நாடாவாக, நுனி குறுகும்படி நறுக்கி, அகன்ற முனையில் ஒரே ஒரு முறை குத்துங்கள். இரு இடங்களில் குத்தினால் சுருண்டு சுழலும். தட்டியவுடன் சுண்டாமல், கம்பு நுனியைச் சற்றுத் தாழ்த்தி, ஓரிரு நொடிகளில் கனம் ஏறுவதை உணர்ந்த பிறகு நிதானமாக உயர்த்துங்கள்.

மாட்டிய மீனை நரம்பு தளராமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். மேலே வந்ததும் அதன் தலையை நீருக்கு வெளியே தூக்காதீர்கள். தலையை உதறி முள்ளைக் கழற்றிவிடும். வலையை நீருக்குள் முன்பே தாழ்த்தி வைத்து, தலை முதலில் நுழையும்படி மீனை அதற்குள் செலுத்துங்கள்.