டைனோசர் செத்தது பின்வாசல்கிட்ட! ஒரே செட்டிநாட்டு வீட்டுக்குள்ள 454 கோடி வருஷம்

டைனோசர்லாம் ரொம்ப ரொம்ப பழசுன்னு தானே நினைச்சுட்டு இருக்கீங்க? இந்த வீட்ல அது பின்வாசலுக்கு ரெண்டடி முன்னாடி தான் செத்துச்சு. நம்பலையா, உள்ள வாங்க.

(கானாடுகாத்தான் வீடு, முகப்பு)

பூமிக்கு வயசு 454 கோடி வருஷம். 1956ல கிளேர் பேட்டர்சன்னு ஒருத்தர் விண்கல்லுல இருந்த ஈயத்தை அளந்து ஏறக்குறைய இந்தக் கணக்கை சொல்லிட்டாரு, அது தனி வீடியோ.

நம்ம செட்டிநாட்டு வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல போயி முடியும்ல, இதை 150 அடின்னு வச்சுக்குவோம். அடிக்கு 3 கோடி வருஷம். முகப்புல பூமி பொறக்குது, பின்வாசல் தான் இன்னைக்கு.

(நடந்துக்கிட்டே)

நாலரை அடியில ஆஸ்திரேலியா ஜாக் ஹில்ஸ்ல கிடைச்ச சிர்கான்ங்கிற கனிமத் துணுக்கு, 440 கோடி வருஷம், மணல் சைஸ் தான். 35 அடிகிட்ட உயிர் வந்தாச்சு, ஆனா சந்தோஷப்படாதீங்க, வெறும் நுண்ணுயிர். வளவு, அதாவது நடு முற்றம், சுத்தியாச்சு, ரெண்டாங்கட்டுக்கும் வந்தாச்சு, நடக்குறேன் நடக்குறேன் ஒரு புழு கூட கண்ணுல படல, எல்லாம் வழவழன்னு பாசி தான்! 70 அடியில தான் காத்துல ஆக்சிஜனே சேர ஆரம்பிக்குது. இத்தனை தூரத்தையும் பூமி வரலாறு காட்டுற நிறைய சார்ட்ல கீழ ஒரு சின்னப் பட்டையா போட்டு முடிச்சிடுறாங்க, எனக்கு அதுல செம கடுப்பு.

132 அடி தாண்டி அடுப்படிப் பக்கம் வந்தா தான் கேம்பிரியன்ங்கிற காலகட்டம், கண்ணு காலு வச்ச பிராணிங்க கூட்டமா வருது.

இப்ப தான் எனக்குப் பிடிச்ச இடம். பொம்மை டப்பாவுல ஸ்டெகோசாரஸும் டி ரெக்ஸும் சண்டை போடும்ல? ஸ்டெகோசாரஸ் நிக்கிறது பின்வாசலுக்கு அஞ்சடி முன்னாடி, டி ரெக்ஸ் ரெண்டே கால் அடியில. டேப் வச்சு அளந்து பாருங்க, டி ரெக்ஸுக்கு ஸ்டெகோசாரஸை விட நாம தான் கிட்டத்து சொந்தக்காரங்க, காலத்துல சொல்றேன்!

நம்ம மனுஷ இனம் 3 லட்சம் வருஷம், கதவை ஒட்டி 3 மில்லிமீட்டர். கீழடி 2600 வருஷம், முடி கனத்துல பாதி கூட வராது, என் கேமரா ஃபோகஸே ஆகல.

டீச்சர்ஸ், ஸ்கூல் வராண்டாவுல சாக்பீஸால கோடு போட்டு பிள்ளைங்களை நடக்க விடுங்க, நீளம் எவ்வளவா இருந்தாலும் 454ஆல வகுத்தா ஒரு கோடி வருஷத்துக்கு எவ்வளவுன்னு வந்துரும். உங்க வீட்ல டைனோசர் எந்த ரூம்ல சாகுதுன்னு கமெண்ட்ல போடுங்க, பாத்ரூம்னு வந்தா பின் பண்றேன்.